கட்டையை இறக்கும் கணக்கு

சென்னையின் கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழுக்களில், கீபோர்டுக்காரர் ஒருவரே பாதி வாத்தியக் கோஷ்டியாக இருப்பதுண்டு. பேஸ், வயலின் பின்னணி, தாளம் ஆகியவற்றை வீட்டிலேயே சிந்தசைசரின் சீக்வென்சரில், அதாவது வாசிப்பைப் பதிந்து திரும்ப ஓட்டும் பகுதியில், பதிந்துகொண்டு வந்துவிடுவார். ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது ஆதார சுருதியின் அளவு) பதிந்த பாட்டை, தொண்டை கட்டிய பாடகி ஐந்துக்கு இறக்கித் தரச் சொன்னால், டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தடவை தட்டுவார். பாட்டு முழுவதும் இறங்கிவிடும். காலப்பிரமாணம் இம்மியும் மாறாது.

ஒலிநாடாவில் இது நடக்காது. நாடாவை வேகமாக ஓட்டி இரண்டு அரைச்சுரம் (அடுத்தடுத்த இரு விசைகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம்) ஏற்றினால், 4 நிமிடப் பாட்டு சுமார் 3 நிமிடம் 34 விநாடியில் முடிந்துவிடும். பாடகர் குரலும் கீச்சிடும். சீக்வென்சருக்கு அந்தச் சங்கடம் இல்லை, ஏனென்றால் அதற்குள் ஒலியே கிடையாது. இருப்பதெல்லாம் எண்கள்தான்.

1983இல் வெளியான மிடி, அதாவது மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசும் முறைப்படி, ஒரு விசையை அழுத்தினால் மூன்று எண்கள் பதிவாகின்றன. 144, 60, 100 என்றால்: முதல் சேனலில் (சேனல் என்பது ஒரு வாத்தியத்துக்கான தனித் தடம்) சுரத்தைத் தொடங்கு, 60ஆம் சுரம், 100 அளவு அழுத்தம். விசையை விட்டதும் நிறுத்தச் சொல்லி இன்னொரு செய்தி. சுர எண்கள் 0 முதல் 127 வரை. பியானோவின் நடு 'சி' 60. அடுத்த கறுப்பு விசை 61. சுருதியை மாற்றுவது என்றால், பாட்டில் உள்ள எல்லாச் சுர எண்களோடும் ஒரே எண்ணைக் கூட்டுவது அல்லது கழிப்பது. எண்ணில் 1 கூடினால் அதிர்வெண் 1.0595 மடங்காகிறது, 12 கூடினால் சரியாக இரு மடங்கு, அதாவது மேல் ஸ்தாயி.

நம் கட்டைக் கணக்குதான் இங்கே காலை வாரும். ஒரு கட்டை 60, இரண்டு 62, மூன்று 64. ஆனால் நான்கு கட்டை 65. இடையில் கறுப்பு விசை இல்லாததால் மூன்றரை என்று ஒன்று இல்லை. ஆகவே ஐந்திலிருந்து நான்குக்கு இறக்க 2 கழிக்க வேண்டும். நான்கிலிருந்து மூன்றுக்கு 1 போதும். "ஒரு கட்டை இறக்குங்கள்" என்றதும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டினால் பாடகர் முறைப்பார்.

ராகம் கெடுமா? கெடாது. ஒரு கட்டையில் மோகனம் 60, 62, 64, 67, 69, 72. எல்லாவற்றிலும் 2 கூட்டினால் 62, 64, 66, 69, 71, 74. சுரங்களுக்கிடையே உள்ள 2, 2, 3, 2, 3 என்ற இடைவெளி அப்படியே இருப்பதால் மோகனம் மோகனமாகவே நிற்கிறது. சில கருவிகளில் ராகத்தின் சுரங்களுக்குள்ளேயே ஒரு படி நகர்த்தும் வசதியும் உண்டு. அதில் 62, 64, 67, 69, 72, 74 வரும். ஆதார சுருதியையும் 62க்கு மாற்றிக் கேட்டால் அது மத்தியமாவதி! சங்கீதம் படித்தவர்கள் இதைக் கிரக பேதம் என்று உடனே கண்டுகொள்வார்கள். கமகத்துக்காகச் சுரத்தை நெளிக்கச் சுழற்றும் வளைவுச் சக்கரத்தின் அசைவுகள் தனிச் செய்திகளாகப் பதிவாகின்றன. சுரத்திலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்பதை மட்டுமே அவை சொல்வதால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

தாளத்தின் கதை வேறு. 1991இல் வந்த ஜெனரல் மிடி ஒழுங்குப்படி 10ஆம் சேனல் டிரம்ஸுக்கு உரியது. அங்கே எண் என்பது சுருதி அல்ல, கருவியின் அடையாளம். 38 ஸ்நேர் என்ற முரசு, 42 மூடிய ஹை-ஹேட் என்ற ஜால்ரா ஜோடி. அங்கேயும் 1 கழித்தால் ஸ்நேர் விழ வேண்டிய இடத்தில் விளிம்பைத் தட்டும் சத்தம் வரும். 'டிக் டிக்' என்று ஓடிய ஹை-ஹேட் 41ஆம் எண்ணின் கனத்த டாம் முரசாகி 'தும் தும்' என்று இடிக்கும். அதனால் கருவிகள் பொதுவாக டிரம்ஸ் சேனலைக் கூட்டல் கழித்தலிலிருந்து விலக்கி வைக்கின்றன. தாளத்தை வேறு சேனலில் பதிந்தவர், விலக்கும் வேலையைத் தாமே செய்துகொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இன்னொன்று. 67ஆம் சுரம் நீண்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பொத்தானைத் தட்டி 1 கழித்தால் என்ன ஆகும்? நிறுத்தச் சொல்லும் செய்தி 66க்குப் போகும். 66 ஒலிக்கவே இல்லை. 67க்கோ நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை. அது ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். நன்றாக எழுதிய மென்பொருள், தொடங்கிய ஒவ்வொரு சுரத்தையும் எந்த எண்ணில் அனுப்பினோம் என்று குறித்து வைத்து, அதே எண்ணுக்கு நிறுத்தச் செய்தியை அனுப்புகிறது. அந்த அக்கறை இல்லாத கருவிகளில் எல்லாச் சுரங்களையும் நிறுத்தும் 123ஆம் கட்டளை கைகொடுக்கும்.

இரண்டு கருவிகளைக் கேபிளில் இணைத்து வாசிப்பவர்கள் மேடை ஏறும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடுவது நல்லது: அனுப்பும் கருவியிலும் வாங்கும் கருவியிலும் டிரான்ஸ்போஸ் போட்டிருந்தால் 1 இரண்டு முறை கழியும். ஐந்தரை ஐந்தில் நிற்காமல் நாலரைக்குப் போய்விடும்.