பசையை எடுக்கும் முன்: கழித்த பொருளில் கைவினை செய்வோர் கவனத்துக்கு

கைவினைப் பயிற்சி நடத்தத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், கண்ணாடிப் புட்டிக்குப் பெயின்ட் அடித்து, பிளாஸ்டிக் மணிகளை ஒட்டி, மினுக்குத்தூள் தூவிப் பூச்சாடி ஆக்குவதைத்தான் நானும் கற்றுக்கொடுத்தேன். அவற்றுள் ஒரு சாடி, வாய்ப்பகுதி உடைந்த நிலையில், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு என்னிடமே திரும்பி வந்தது. கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் மீண்டும் கண்ணாடியாக வார்க்கலாம். ஆனால் அந்தச் சாடியில் இறுகிப்போயிருந்த பசையையும் மணிகளையும் ஒரு மாலை முழுவதும் சுரண்டிப் பார்த்தும் என்னால் முழுதாக அகற்ற முடியவில்லை. வெறும் புட்டியாக இருந்தவரை அதற்கு இருந்த மறுசுழற்சி வாய்ப்பை என் கைவேலையே கெடுத்துவிட்டது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு என் வகுப்புகளில் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்கிறேன்: செய்யப்போகும் பொருள் பழுதானால் அதை எப்படிப் பிரிப்பீர்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கியதும் பசையின் இடத்தைத் தையல், முடிச்சு, பின்னல், திருகாணி, செருகல் ஆகியவை தாமாகவே பிடித்துக்கொள்கின்றன.

ஒரு சான்று சொல்கிறேன். தண்ணீர் விற்கப்படும் பெட் (PET) வகைப் பிளாஸ்டிக் புட்டியின் அடிப்பாகத்தை வெட்டி நீக்கிவிட்டு, விளிம்பிலிருந்து சுற்றிச்சுற்றிச் சீரான அகலத்தில் அறுத்துக்கொண்டே போனால், அறுபடாத நீண்ட நாடா ஒன்று கிடைக்கும். பிடி தளர்ந்த ஒரு கருவியின் மீதோ, குறுக்காக வைத்த இரண்டு குச்சிகளின் மீதோ அந்த நாடாவை இறுக்கமாகச் சுற்றி, முனையைச் செருகி, சூடான காற்றைக் காட்டினால் அது சுருங்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். புட்டியை ஊதி உருவாக்கும்போது இழுபட்ட பிளாஸ்டிக், ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வெப்பம் பட்டதும் தன் பழைய அளவை நோக்கித் திரும்ப முயல்வதே இதற்குக் காரணம். பசையே தேவைப்படாத இந்தக் கட்டு வேண்டாதபோது, கத்தியால் ஒரு கீறல் போட்டால் குச்சி தனியாகவும் நாடா தனியாகவும் வந்துவிடும்.

துணியில் வேலை செய்வோருக்குப் பழைய ஜீன்ஸைப் போல உதவும் பொருள் குறைவு. முழங்காலும் உள்தொடையும் தேய்ந்து நைந்திருந்தாலும், கெண்டைக்காலின் பின்புறத் துணி பெரும்பாலும் புதிதுபோலவே இருக்கும். பை தைக்க அந்தப் பகுதியை எடுங்கள். பல மடிப்பாகத் தைத்த உள்தையலின் மீது சாதாரண ஊசியை ஓட்டினால் அது ஒடியும் என்பதால், 100 அல்லது 110 எண் கொண்ட ஜீன்ஸ் ஊசியைப் பொருத்திக்கொள்ள வேண்டும். பொத்தானையும் ஜிப்பையும் வெட்டி எறியாமல் கழற்றி வையுங்கள், அடுத்த பைக்கு ஆகும்.

கண்ணில் படும் கழிவு அனைத்தையும் கைவினைப் பொருளாக்கியே தீர வேண்டும் என்று நான் நினைப்பதில்லை. அலுமினியக் குவளையை உருக்கி மீட்பதற்கு, தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 5 விழுக்காடே போதும். ஆகவே அதற்குச் சாயம் பூசி அலமாரியில் வைப்பதைவிடப் பழைய உலோகம் சேகரிப்பவரிடம் கொடுப்பதே மேல். பழச்சாறு அடைத்து வரும் அட்டைப் பெட்டியின் நிலை வேறு. அட்டை, பாலித்தீன், அலுமினியத் தாள் மூன்றும் ஒன்றோடொன்று படிந்திருக்கும் அதைப் பிரிக்கத் தனிப்பட்ட ஆலை வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில், அதை நாற்றுத் தொட்டியாகவோ பணப்பையாகவோ மடிப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. மறுசுழற்சியில் சிக்கலை உண்டாக்கும் பொருளுக்கே நம் கைத்திறனை முதலில் செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

சில பொருள்களைத் தொடவே வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வதுண்டு. முக்கோணக் குறிக்குள் 3 என்ற எண் உள்ள பிவிசி என்னும் பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அரிக்கும் வாயு வெளிப்படலாம். தெர்மாகோலைச் சூடான கம்பியால் அறுக்கும்போது வரும் புகையில் ஸ்டைரீன் என்னும் தீங்கான வேதிப்பொருள் இருக்கும். பழைய கதவு, சன்னல்களில் அடித்திருக்கும் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உலர்ந்த நிலையில் அதை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் அப்படிச் செய்ய நினைக்கவே கூடாது. சரக்கு ஏற்றும் மரத்தட்டில் எச்.டி. (HT) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் மரம் வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டது; எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பதப்படுத்தப்பட்டது, அதை விட்டுவிடுங்கள்.

இவ்வாறு கற்றதை அக்கம்பக்கத்தாரோடு பகிர, ஒரு பொது அறையும் சில பெட்டிகளும் போதும். நியூயார்க்கில் 1978 முதலும், இத்தாலியின் ரெஜியோ எமிலியாவில் 1996 முதலும், கழித்த பொருள்களைத் திரட்டிப் பள்ளிகளுக்கும் படைப்பாளிகளுக்கும் வழங்கும் மையங்கள் இயங்கிவருகின்றன. அளவில் நம்முடையது சிறிதானாலும் தரம் பிரிப்பதில் அதே கண்டிப்பு வேண்டும். கழுவி உலர்த்தாத எதையும் வாங்கக் கூடாது, பெட்டியின் மேல் பொருளின் பெயரும் வந்த தேதியும் எழுதியிருக்க வேண்டும், மூன்று மாதம் யாரும் தொடாத பொருள் வெளியேற வேண்டும். இரக்கப்பட்டு எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிய அறைகள், சில மாதங்களிலேயே குப்பைக் கிடங்காகி மூடப்பட்டதை நான் கண்டிருக்கிறேன்.

எங்கள் அறையில் "பிரித்தவை" என்று எழுதிய பெட்டி ஒன்றும் உண்டு. சென்ற மாதம் ஒரு மாணவி, மூன்று ஆண்டுகளுக்கு முன் கயிற்றால் கட்டிச் செய்த விளக்கைக் கொண்டுவந்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கண்ணாடிப் புட்டிகள் மறுசுழற்சிக்குச் சென்றன. கயிற்றையும் கம்பி வளையத்தையும் அந்தப் பெட்டியில் போட்டார். மறுவாரம் ஒரு சிறுவன் அந்தக் கயிற்றை எடுத்துப் போய்த் தன் செடித்தொட்டிக்கு உறி பின்னிக்கொண்டான்.