ஹர்த்தால்: கடையும் பூட்டும் சேர்ந்த சொல்

சென்னை சௌகார்பேட்டையின் தங்கசாலைத் தெருவில் ஒன்றிரண்டு பழைய கடைகளுக்கு இன்னும் இரும்பு ஷட்டர் வரவில்லை; பலகைக் கதவுதான். எண் எழுதிய பலகைகளை ஒவ்வொன்றாக நிலைப்பள்ளத்தில் நுழைத்து, கடைசிப் பலகையும் செருகியானதும் குறுக்கே இரும்புப் பட்டையை மாட்டிப் பூட்டுவார்கள். வரிசை மாறினால் பலகை பொருந்தாது. எல்லாவற்றையும் உருவி மறுபடி தொடங்க வேண்டும். எதிர்ப்பைக் காட்டக் கடைகளைப் பூட்டுவதைக் குறிக்கும் 'ஹர்த்தால்' என்ற சொல்லின் பாதி, அந்தப் பட்டையில் தொங்கும் பூட்டில்தான் இருக்கிறது.

குஜராத்தியில் அது 'ஹட்தாள்'. ஹாட் என்றால் கடை, சந்தை. தாளு என்றால் பூட்டு. சௌகார்பேட்டையில் குஜராத்தி பேசும் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் இந்தப் பூட்டைக் காட்டித் தாளு என்பார். நடுவில் உள்ள டகரம் ஆங்கில எழுத்தில் ரகரமாகி, நம்மிடம் 'ஹர்த்தால்' என்று வந்து சேர்ந்தது. தாளு என்றதும் நமக்குத் தாழ்ப்பாள் நினைவுக்கு வரும். குறளும் 'அடைக்கும் தாழ்' என்கிறது. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக உறவு கொண்டாடிவிட வேண்டாம். சொல்லாராய்ச்சியில் பாதி விபத்து அப்படித்தான் நடக்கிறது.

இது காந்தி உண்டாக்கிய சொல் அன்று. கடையைப் பூட்டி அரசுக்குத் தம் மனக்குறையைச் சொல்வது வணிகர்களின் பழைய வழக்கம். 1810–11இல் வீட்டு வரியை எதிர்த்துக் காசி நகரமே கடையடைத்தது. காந்தி செய்தது, அந்த வழக்கத்தை நாடு முழுவதற்கும் விரித்தது. அந்த எண்ணம் அவருக்கு உதித்தது சென்னையில்தான். 1919 மார்ச்சில், விசாரணையின்றிச் சிறையில் அடைக்க வழி செய்த ரௌலட் சட்டம் நிறைவேறிய நாட்களில், அவர் இங்கே ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தார். ஒரு விடியற்காலையில், அரைத் தூக்கத்தில் தோன்றியது என்று ராஜாஜியிடம் சொன்னார்: ஒரு நாள் எல்லோரும் தொழிலை நிறுத்த வேண்டும், நோன்பிருக்க வேண்டும், வழிபட வேண்டும். முதலில் மார்ச் 30 என்று குறித்தார்கள். பிறகு ஏப்ரல் 6க்குத் தள்ளினார்கள். மாற்றம் எட்டாததால் டில்லி முந்திக்கொண்டது. அங்கே துப்பாக்கிச் சூடும் நடந்தது.

1928 பிப்ரவரி 3, இந்தியர் ஒருவர்கூட இல்லாமல் பிரிட்டிஷ் அரசு அமைத்த சைமன் குழு பம்பாயில் வந்து இறங்கிய நாள். சென்னையிலும் ஹர்த்தால். பாரிமுனைப் பக்கம் போலீஸ் சுட்டது. துப்பாக்கியின் முன் மார்பைத் திறந்து காட்டி நின்ற காங்கிரஸ் தலைவர் டி. பிரகாசத்தை 'ஆந்திர கேசரி' என்று மக்கள் அழைத்தார்கள். அங்கிருந்து இன்றைய நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலை வழியே மேற்கே நடந்தால், பலகைக் கதவு பார்த்த அதே தங்கசாலைத் தெருதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கடையடைப்பு'. ஹாட்டுக்குக் கடை, தாளுக்கு அடைப்பு என்று உறுப்புக்கு உறுப்பு பொருந்தும் சொல் இப்படி வாய்ப்பது அரிது. 'கதவடைப்பு' என்றும் எழுதுகிறார்கள். ஆனால் ஆலை முதலாளி தொழிலாளியை வெளியே நிறுத்திப் பூட்டுவதற்கும் அதே சொல் வழங்குவதால் குழப்பம். பெரம்பூர் ஆலைகளின் கதையை எழுதுபவர் இரண்டையும் கலந்தால் கதை தலைகீழாகிவிடும். தொழிலாளி தானே நிறுத்தினால் வேலைநிறுத்தம். முதலாளி பூட்டினால் கதவடைப்பு.

கடையடைப்பு என்ற சொல்லில் ஒன்று மட்டும் குறைகிறது: நோன்பு. காந்தி சொன்னதில் பூட்டு பாதி, பட்டினி பாதி. அதைத் தமிழ்ச் சொல்லுக்குள் திணிக்க முடியாது. குஜராத்திச் சொல்லிலும்தான் அது இல்லையே!

'பந்த்' வேறு. பெயரளவில் அது வெறும் 'மூடல்'. நடப்பில், மூடாதவனை மூட வைப்பது. அதற்கு 'முழு அடைப்பு' என்று நாளேடுகள் எழுதுகின்றன. 1997இல் கேரள உயர் நீதிமன்றம் பந்த் செல்லாது என்றதும், அங்கே கட்சிகள் அதையே ஹர்த்தால் என்று பெயர் மாற்றி நடத்தத் தொடங்கின. இலங்கையிலோ, அரிசி விலை உயர்வை எதிர்த்த 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தாலுக்குப் பிறகு அந்தச் சொல் அப்படியே தங்கிவிட்டது. ஈழத்து நாளேடுகளில் இன்றும் காணலாம்.

தானே பூட்டுபவனுக்குக் 'கடையை அடைத்தான்' என்றும், பிறர் மிரட்டியதால் பூட்டியவனுக்குக் 'கடையை அடைக்க வைத்தார்கள்' என்றும் தமிழ் வினையே வேறுபடுத்திக் காட்டும். செய்தி எழுதுபவர் பெயர்ச்சொல்லைத் தேடி அலையாமல் வினையைச் சரியாகப் போட்டாலே போதும்.