சிலை பச்சை புடிச்சா தேய்க்கணுமா?

களியக்காவிளை பக்கத்து ஆளுங்களுக்கு திருவனந்தபுரம்னா ஒண்ணு ஆஸ்பத்திரி, இல்லன்னா சாலை பஜார், அப்புறம் ஸ்டாச்யூ ஜங்ஷன்ல பஸ்ஸுக்கு நிக்கிறது. அங்க நிக்கிற வெண்கல சிலை டி. மாதவ ராவோடது, 1828ல கும்பகோணத்துல பொறந்து 1872 வரைக்கும் திருவிதாங்கூர் திவானா இருந்தவரு, எதுத்தாப்புல இருக்குற செக்ரட்டேரியட்டும் அவரு காலத்துல முடிஞ்ச கட்டடந்தான்.

இந்த மாதிரி பழைய சிலை எத பாத்தாலும் "பச்சை புடிச்சு கெடக்கே, புளி போட்டு தேச்சா என்ன"ன்னு ஒருத்தராவது கேப்பாங்க. தேய்க்கவே கூடாது.

சிலை வெண்கலத்துல பொதுவா நூத்துக்கு 90 பங்கு போல செம்பு, மீதி பெரும்பாலும் வெள்ளீயம். செம்பு காத்துல பட்டதும் மொதல்ல செவப்பும் பிரவுனுமா மெல்லிசா ஒரு படலம் கட்டும், அப்புறம் புகையில இருக்குற கந்தகம், மழை, கடல் கிட்டன்னா உப்புக்காத்துல வர்ற குளோரைடு எல்லாம் சேந்து வருஷக்கணக்குல மெதுவா பச்சை களிம்பா மாறும். இது தண்ணில லேசுல கரையாது, கெட்டியா ஒட்டிக்கிட்டு உள்ள இருக்குற செம்ப காப்பாத்தும். இரும்புத் துரு அப்படியில்ல, உதிர உதிர தின்னுட்டே போகும். நல்லா உத்து பாருங்க, மழை நேரா விழுற தலையும் தோளும் பச்சையா இருக்கும், கைக்கு அடியில நனையாத எடம் கறுப்பாவே நிக்கும்.

புளியில இருக்குற அமிலம் இந்த படலத்த கரைச்சிடும். உருளிக்கு அது சரி, சமைக்கிற பாத்திரத்துல களிம்பு விஷம். சிலையில அத எடுத்துட்டா புதுசா கட்டுறதுக்கு இன்னும் கொஞ்சம் செம்பு போகும், இப்படியே தேச்சா மூக்கும் மீசையும் மழுங்கிரும்.

பயப்பட வேண்டிய பச்சையும் இருக்கு. வெளிறிப்போய் மாவு மாதிரி உதிரும், அடியில சின்ன சின்ன குழி. உள்ள மாட்டுன குளோரைடு ஈரம் பட்டதும் அமிலமாகி செம்ப அரிக்கும், அரிச்சும் தீராது, அடுத்த ஈரத்துக்கு மறுபடி அதே வேலை. பறவை எச்சமும் நல்லதில்ல. அதனால பராமரிக்கிறவங்க மெல்லிய சோப்புத் தண்ணில கழுவி, நல்லா காயவிட்டு மெழுகு பூசுவாங்க.

உள்ளயும் ஒரு விஷயம் இருக்கு. சிலை கெட்டி கட்டி இல்ல, உள்ள வெறும் கூடு, பல சிலையில தாங்குறதுக்கு இரும்பு கம்பி இருக்கும். செம்பும் இரும்பும் ஈரத்துல தொட்டுக்கிட்டு இருந்தா அரிச்சு போறது இரும்புதான். 1886ல நியூயார்க்ல நின்ன சுதந்திர தேவி சிலையோட செம்புத் தகடு 2.4 மில்லிமீட்டர்தான், அது நல்லாத்தான் இருந்துச்சு, உள்ள இருந்த இரும்பு பட்டைங்கதான் துருப்புடிச்சு 1980கள்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாத்துனாங்க. அதனால வெண்கல சிலைல காலுக்கு அடியில பீடத்துல செம்பழுப்பா ஒழுகுன கறை தெரிஞ்சா மொதல்ல உள்ள இருக்குற கம்பியத்தான் பாக்கணும்.