ஆற்றங்கரைச் சாலையில் ஆற்றைவிட ஓடைக்குத்தான் அஞ்ச வேண்டும்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாளில் நவதிருப்பதிகளையும் சேவித்துவிட வேண்டும் என்று மதுரையிலிருந்து என் மைத்துனர் குடும்பத்தோடு காரில் வந்திருந்தார். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு, செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாகத் தாமிரபரணியின் தென்கரையோடு கிளம்பினார்கள். ஒருபுறம் வாழைத்தோட்டம், மறுபுறம் குளம், இடையிடையே ஆறு என்று செல்லும் அந்தச் சாலையின் அழகைப் பார்க்க மழைநாளில்தான் போக வேண்டும் என்பது அவர் கட்சி. மழையைப் பற்றி நான் கேட்டபோது, "புயல் ஒண்ணும் இல்லையே அத்தான்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். அன்று புயல் இல்லை. இரண்டு வாரங்களுக்கு முன் சென்னையை முடக்கிய மிக்ஜாமுக்குப் பெயரும் பாதையும் இருந்தன. குமரிக்கடல் பகுதியில் அன்று நிலவியதோ பெயரில்லாத ஒரு வளிமண்டலச் சுழற்சி. ஆனால் மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் அது கொட்டிய மழை ஏறத்தாழ 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். பயணம் கிளம்புமுன் பார்க்க வேண்டியது புயல் உண்டா என்பதை அல்ல, எத்தனை செ.மீ. மழை எதிர்பார்க்கப்படுகிறது என்பதை. வானிலை ஆய்வு மையம் 20 செ.மீ.க்கு மேற்பட்டதை 'அதி கனமழை' என்கிறது; அந்தச் சொல் அறிவிப்பில் வந்துவிட்டால் ஆற்றங்கரைப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி.

சாலைகளையும் சிறுபாலங்களையும் பராமரிப்பதிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரைச் சாலையில் போகிறவர்கள் ஆற்றையே கவனித்துக்கொண்டு போகிறார்கள்; ஆபத்து பெரும்பாலும் மறுபக்கத்திலிருந்து வருகிறது. பாபநாசம் அணையில் திறக்கும் நீர் சமவெளிக்கு வந்துசேரப் பல மணி நேரமாகும். அதற்குள் தண்டோராவும் ஒலிபெருக்கியும் ஊருக்கு வந்துவிடும். திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கியதா என்று கேட்டே கீழ்ப்பக்கத்து ஊர்க்காரர்கள் நிலைமையை ஊகித்துக்கொள்வார்கள். மேட்டு நிலத்திலிருந்து சாலையைக் குறுக்கே கடந்து ஆற்றில் விழும் ஓடைக்கு அப்படிப்பட்ட முன்னறிவிப்பு எதுவும் இல்லை. மேலே ஒரு குளத்தின் கரை உடைந்தால் அரை மணி நேரத்தில் சாலைமேல் வெள்ளம் நிற்கும். ஆறும் நிரம்பி ஓடும் நாளில் ஓடைநீர் உள்ளே வடிய முடியாமல் எதிர்த்து ஏறும் என்பதால், சாலையே ஓர் அணைக்கட்டைப்போல் நீரைத் தாங்கி நிற்க நேரிடும். அதற்காகப் போடப்பட்டதல்ல சாலை.

மாலையில் மைத்துனரிடமிருந்து அழைப்பு வந்தது. திரும்பும் வழியில் ஒரு தரைப்பாலத்தின் மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "முழங்காலுக்குக் கீழதான் அத்தான், இப்பதான் ஒரு பஸ் போச்சு, நாங்க போகக் கூடாதா?" என்று கேட்டார்.

பேருந்து போனதைச் சான்றாக எடுத்துக்கொள்வதைப் போன்ற தவறு வேறில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிறிய காரின் அடிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். நீர் அடித்தளத்தைத் தொட்ட பிறகு ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ.யும் காரை ஏறத்தாழ 600 கிலோ விசையோடு மேலே தூக்கும். 900 கிலோ எடையுள்ள கார், தரையிலிருந்து அடித்தளம் வரை உள்ள 17 செ.மீ. இடைவெளியையும் சேர்த்து, சுமார் 32 செ.மீ. நீரிலேயே சக்கரத்தின் பிடியை இழந்துவிடும். ஓடும் நீரின் தள்ளுவிசை தனி. முழங்கால் அதைவிட உயரத்தில் இருக்கிறது. பத்து டன் பேருந்துக்கு இந்தக் கணக்கு வேறு.

ஆழத்தைவிட நான் அஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத அரிப்பை. சாலையைத் தாண்டிவிழும் நீர், விழுகின்ற ஓரத்தில் மண்ணைத் தோண்டத் தொடங்கி, அங்கிருந்து உள்நோக்கிக் குடைந்துகொண்டே வரும். மேலே தார் மட்டும் பலகைபோல் நிற்கும். நீர் கண்ணாடித் தகடுபோல் வழுவழுப்பாக ஓடி, சாலையின் கீழ்ப்பக்க ஓரத்தில் மட்டும் நேர்கோடாக நுரைத்து விழுந்தால் ஓரம் இன்னும் இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த நுரைக்கோடு ஓரிடத்தில் வளைந்து சாலைக்குள் வந்திருந்தால், அவ்விடத்தில் சாலை இல்லை. ஓரக் கற்களை எண்ணிப்பார்ப்பதும் உதவும்: வரிசையில் ஒன்று சாய்ந்தாலோ காணாமற்போனாலோ அதன் அடிமண் போய்விட்டது என்று பொருள். இருட்டிய பிறகு இவற்றில் எதையுமே பார்க்க முடியாது.

"கடக்க வேண்டாம், திரும்பிப் போய் மேடான ஊரில் தங்குங்கள்" என்றேன். திரும்பினால், வரும்போது காய்ந்து கிடந்த இன்னொரு ஓடையும் ஓடத் தொடங்கியிருந்தது. இரண்டு ஓடைகளுக்கு நடுவே தீவாகிவிட்ட ஒரு கிராமத்துப் பள்ளிக்கட்டடத்தில் இரண்டு இரவுகள் தங்கினார்கள். கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்ததால் அந்த இரண்டு இரவும் எங்களுக்கும் தூக்கமில்லை. (1070, 1077 ஆகிய பேரிடர் உதவி எண்களைச் சிக்னல் இருக்கும்போதே அழைத்து, இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவது நல்லது.)

ஒருவேளை நீருக்குள் கார் நின்றுவிட்டால், மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் நீர் புகும். முதல் வேலை கண்ணாடியை இறக்குவது. கதவின்மேல் 60 செ.மீ. நீர் நின்றால், ஒரு மீட்டர் அகலக் கதவை வெளியிலிருந்து அழுத்தும் விசை ஏறத்தாழ 180 கிலோ. அதை உள்ளிருந்து யாராலும் தள்ளித் திறக்க முடியாது. மின்சாரக் கண்ணாடியோ நீரில் அதிக நேரம் வேலை செய்யாது.

அந்த ஞாயிறு இரவில் திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தண்டவாளம் தொங்கினால் தெரியும். தார்ச்சாலை தொங்குவது தெரியாது.

வெள்ளம் வடிந்த பின் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு அந்தத் தரைப்பாலத்துக்குப் போனேன். பாலத்தையொட்டிய சாலையின் மேற்பரப்பில் ஒரு கீறல்கூட இல்லை, வெள்ளைக்கோடுகூட அழியவில்லை. அங்கே வேலையிலிருந்த ஒருவரிடம் கடப்பாரையை வாங்கி, சாலையோரத்திலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி ஒரு குத்துக் குத்தினேன். தாரைத் துளைத்துக்கொண்டு இறங்கிய கடப்பாரை கைப்பிடிவரை போயும் எதிலும் முட்டவில்லை.