நடுநிலையா, நொதுமலா?

"நடுநிலை தவறாத சுவிட்சர்லாந்து, எல்லைக்கு வந்த யூத அகதிகளைத் திருப்பி அனுப்பியது." இரண்டாம் உலகப் போர் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் போன வாரம் படித்த வரி இது. 'நடுநிலை நாடு' என்பதைப் பல வருடங்களாகப் பொறுத்துக்கொண்டுதான் வந்தேன். 'தவறாத' என்று ஒரு சொல்லும் அதனோடு ஒட்டிக்கொண்டபோது பொறுக்க முடியவில்லை. தமிழில் நடுநிலை தவறாதவர் என்றால் நீதிமான். வாசலில் வந்து நின்றவர்களை ஒரு நீதிமான் கொலைகாரனிடமே திருப்பி அனுப்பினார் என்றா அந்த வரி சொல்ல வருகிறது?

மூலச்சொல் நியூட்ரல். லத்தீனில் 'நே' என்றால் இல்லை. 'உத்தெர்' என்றால் இரண்டில் ஒன்று. சேர்த்தால், இதுவும் அல்ல, அதுவும் அல்ல. ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத சொற்களுக்கு இலக்கணத்தில் வைத்த பெயர், பிறகு போரில் எந்தப் பக்கமும் சேராத அரசுக்கும் ஆயிற்று. அந்தச் சொல்லில் புகழ்ச்சி எதுவும் இல்லை.

நம் சொல் அப்படியா? திருக்குறளில் 12ஆம் அதிகாரமே நடுவுநிலைமை. 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்' அங்கேதான் வருகிறது. தராசு இரண்டு தட்டையும் நிறுத்துப் பார்க்கிறது. எந்தத் தட்டில் பாரம் அதிகம் என்று சொல்லிவிடுகிறது. தராசைத் தொடாமல் ஒதுங்கி நிற்பவனை வள்ளுவர் எங்கும் பாராட்டவில்லை.

பரிமேலழகர் உரையைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பகை, நொதுமல், நட்பு என்று மனிதர்களை மூன்றாக வைத்து, இந்த மூவரிடத்தும் அறம் வழுவாமல் ஒரேபோல் நிற்பதுதான் நடுவுநிலைமை என்கிறார். அதாவது, பகைவனும் அல்லாத நண்பனும் அல்லாத அயலானுக்குத் தமிழில் பெயர் ஏற்கெனவே இருக்கிறது: நொதுமல். நடுவுநிலைமை என்பது அவனுடைய நிலை அல்ல. அவனையும் சேர்த்து எடைபோடுகிறவரின் அறம். நீதிபதியின் சொல்லை எடுத்து, வழக்கில் சம்பந்தப்படாதவனுக்குச் சூட்டிவிட்டோம்.

நொதுமல் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. குறுந்தொகை 12இல் தலைவி, தன் துன்பத்தை உணராமல் அயலாரைப் போலப் பேசுகிறது இந்த ஊர் என்று நொந்துகொள்கிறாள்: "அவலம் கொள்ளாது நொதுமல் கழறும்." இந்த வரியைப் படித்தபோது எனக்கு 1942ஆம் வருட சுவிஸ் எல்லைதான் நினைவுக்கு வந்தது.

அந்த வருடம் ஆகஸ்ட் 13 அன்று வந்த உத்தரவு, இனத்தின் பெயரால் மட்டும் துரத்தப்பட்டு வருகிறவர்கள், உதாரணமாக யூதர்கள், அரசியல் அகதிகள் ஆகமாட்டார்கள் என்றது. அதே மாதக் கடைசியில் நீதி, காவல் துறை அமைச்சர் ஃபொன் ஷ்டைகர், ஏற்கெனவே கூட்டம் ஏறிவிட்ட சின்ன உயிர்காப்புப் படகுக்குத் தன் நாட்டை ஒப்பிட்டுப் பேசினார். அதற்கும் முன்பே, 1938இல், ஜெர்மன் யூதர்களின் பாஸ்போர்ட்டில், யூதர் என்று அடையாளம் காட்டும் 'ஜே' என்ற எழுத்தைக் குத்த ஜெர்மனி முடிவு செய்ததற்கு சுவிஸ் அதிகாரிகளின் பேச்சுவார்த்தையும் ஒரு காரணம். போர்க்காலத்தில் சுமார் 21,000 யூதர்களை அந்த நாடு உள்ளே விட்டது. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 20,000க்கும் மேற்பட்ட அகதிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள், அவர்களில் பலர் யூதர்கள் என்று போர்க்காலச் செயல்களை ஆராய சுவிட்சர்லாந்தே அமைத்த, 2002இல் முடிந்த பெர்ஜியே ஆணையத்தின் விசாரணை கணக்கிட்டது. அந்த எண் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

சரி, போரில் சேராத நாடு என்பதால் வேறு வழியில்லாமல் அப்படிச் செய்தார்களா? அதுவும் இல்லை. 1907 ஹேக் உடன்படிக்கை, அப்படிப்பட்ட நாடு படைகளுக்கு வழிவிடக் கூடாது, உள்ளே வந்த படையினரைத் தடுத்துவைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. உயிருக்கு ஓடிவரும் குடும்பத்தைத் திருப்பி அனுப்பு என்று சொல்லவில்லை. சுவீடனும் போரில் சேராத நாடுதான். 1943 அக்டோபரில் டென்மார்க்கிலிருந்து கடல் தாண்டி வந்த ஏழாயிரத்துக்கும் அதிகமான யூதர்களை அது ஏற்றுக்கொண்டது. இரண்டு நாட்டையும் 'நடுநிலை நாடு' என்று எழுதினால் வாசகருக்கு என்ன புரியும்?

'அணிசேரா நாடு' என்று மாற்றிவிடலாம் என்பார்கள். அது 1961இல் பெல்கிரேடில் தொடங்கிய இயக்கத்தின் பெயர். சுவிட்சர்லாந்து அதில் உறுப்பினரே அல்ல. 'சார்பற்ற நாடு' என்றாலும் இடிக்கிறது. ஜெர்மன் மத்திய வங்கியிடமிருந்து அத்தனை தங்கம் வாங்கிய நாட்டைச் சார்பே இல்லாதது என்று எப்படி எழுதுவது?

தனித்தமிழ் ஆசையில் நான் நொதுமலைத் தூக்கிப் பிடிக்கவில்லை. நியூட்ரானை நொதுமி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் சொல் முழுக்க அந்நியமும் இல்லை. சட்டம், வரலாறு எழுதும்போது நொதுமல் நாடு, நொதுமை என்று எழுதலாம். செய்திக்கு, 'போரில் சேராத நாடு' போதும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் சொல்லோடு நின்றுவிடுவதுதான் எனக்கு ஆற்றாமை. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது என்று முடிவு செய்யாதவர் இன்று 'நடுநிலை வாக்காளர்'. விவாதத்தில் எதற்கும் பதில் சொல்லாதவர் 'நடுநிலையாளர்'. இப்படியே போனால் நியாயமாகத் தீர்ப்புச் சொல்கிறவரை எந்தச் சொல்லால் அழைப்போம்?

அதே கட்டுரையின் கடைசியில் பால் குரூனிங்கர் வருகிறார். சாங்க்ட் காலன் மாநிலத்தின் காவல் துறைத் தலைவர். 1938இல் எல்லை மூடப்பட்ட பிறகும், வந்த தேதியை முன்தேதியிட்டு எழுதி நூற்றுக்கணக்கான யூதர்களை உள்ளே விட்டவர். 1939இல் வேலை போனது, அடுத்த வருடம் நீதிமன்றம் தண்டித்தது, 1972இல் இறந்தார். அந்தத் தீர்ப்பை 1995இல்தான் ரத்து செய்தார்கள். அவரைக் கட்டுரை 'நடுநிலையை மீறிய அதிகாரி' என்கிறது. 'அரசின் உத்தரவை மீறிய அதிகாரி' என்று திருத்தி எழுதியிருக்க வேண்டும்.