வேரா மோல்னாரின் 1% ஒழுங்கின்மை

"கணினி வரைந்த படத்தில் ஓவியருக்கு என்ன வேலை?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கணினியால் வரைந்த ஓவியர் வேரா மோல்னாரின் சதுரங்களை வைத்தே பதில் சொல்லலாம்.

1924-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். 1947-இல் பாரிஸுக்குப் போனார். 1959 முதல் 'கற்பனை இயந்திரம்' என்று தன் முறைக்குப் பெயரிட்டு, தானே விதி வகுத்து, அதன்படி கையாலேயே படிப்படியாக வரைந்தார். 1968-இல்தான் பாரிஸில் ஒரு ஆய்வுக்கூடக் கணினி கிடைத்தது. ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் நிரல், திரை கிடையாது. பேனாவால் கோடு இழுக்கும் இயந்திரமான பிளாட்டரின் பேனா நகர்ந்த பிறகுதான் படமே தெரியும். ஓர் ஓவியருக்குக் கணினி நேரம் ஒதுக்கினார்களே, அது பெரிய விஷயம். நம் பல்கலைக்கழகங்களும் ஒதுக்க வேண்டும். அது வீண்செலவு அல்ல.

1970-களில் அவர் எடுத்துக்கொண்ட கருக்களில் ஒன்று '1% ஒழுங்கின்மை'. சதுரங்களைச் சீராக அடுக்கி, அந்தச் சீரைக் கொஞ்சமே கொஞ்சம் குலைப்பது. எவ்வளவு குலைப்பது என்பதை ஓவியர் முடிவு செய்கிறார். எந்தப் பக்கம் என்பதைச் சமவாய்ப்பு எண், அதாவது தாயம் உருட்டியதுபோல் வரும் எண், சொல்கிறது.

ஆனால் கணினிக்குத் தாயம் உருட்டத் தெரியாதே! அக்காலத்தில் பரவலாக இருந்த வழி இது: கையிலிருக்கும் எண்ணை ஒரு எண்ணால் பெருக்கு, இன்னொன்றைக் கூட்டு, வகுத்து மீதியை மட்டும் வை. சிறிய எண்களில் பார்ப்போம். 5-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16-ஆல் வகுக்கலாம். தொடங்கும் எண்ணை விதை என்பார்கள். விதை எண் 7 என்றால் 38; மீதி 6. அடுத்தது 33, மீதி 1. இப்படியே 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 வந்து மறுபடி 7. பதினாறு எண்களும் ஒருமுறை வந்த பிறகே சுற்று திரும்புகிறது. மூன்றே கணக்குகளில் இப்படி ஒரு குலுக்கல்!

100 மி.மீ. சதுரத்தில் 1% என்றால் மூலை பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ 1 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. மீதியை 16-ஆல் வகுத்து, இரட்டித்து, 1 கழிக்க வேண்டும். 6 என்ற எண் −0.25 மி.மீ. ஆகிறது, 1 என்பது −0.875. முதல் மூலை இடப்பக்கம் கால் மி.மீ.யும் கீழே 0.875 மி.மீ.யும் நகரும். நான்கு மூலைகளுக்கு எட்டு எண்கள்.

சறுக்கும் இடங்கள் உண்டு. கடைசிக் கோடு முதல் மூலைக்குத் திரும்பும்போது புது எண் எடுத்தால் சதுரம் மூடாமல் வாய் பிளந்து நிற்கும். நகர்த்திய முதல் புள்ளியைச் சேமித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு சதுரத்துக்கும் விதையைப் புதிதாக 7 என்று வைத்தால் எல்லாச் சதுரங்களும் ஒரே மாதிரி கோணும். இன்னொன்று நுட்பமானது. மேலே உள்ள வரிசையை மறுபடி பாருங்கள்: ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை. ஒற்றை வந்தால் இடப்பக்கம் சாய், இரட்டை வந்தால் வலப்பக்கம் சாய் என்று எழுதினால் சாய்வுகள் பிசகாமல் மாறி மாறி வரும், ஒழுங்கின்மையே இருக்காது. 16-க்குப் பதில் 2-இன் பெரிய அடுக்கை வைத்தாலும் இந்தக் குறை போகாது. அதனால் எண்ணின் கடைசி இலக்கத்தை நம்பாமல், அது 8-க்குக் குறைவா இல்லையா என்று பார்க்க வேண்டும்.

ஒரே விதை ஒரே படத்தைத்தான் தரும். விதையை மாற்றி மாற்றி வரைந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கண்ணுக்குப் பிடித்ததை எடுப்பது ஓவியரின் வேலை. எடுத்த தாளின் பின்புறம் விதை எண்ணையும் சதவீதத்தையும் எழுதிவிடுங்கள்; எழுதாவிட்டால் அந்தப் படத்தைத் திரும்ப வரவழைப்பது கடினம்.