‘தார்மீக ஊழல்’ வேண்டாம், கேடு போதும்

‘காலனியக் கால நாவல்கள் மனிதனின் தார்மீக ஊழலைத் தோலுரித்துக் காட்டுகின்றன.’ முன்னுரை, பின்னட்டை, கருத்தரங்க உரை என்று எங்கே திரும்பினாலும் இந்த வாக்கியமோ இதன் தம்பி தங்கைகளோ வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ‘மாரல் கரப்ஷன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்துப் பெயர்த்த வேலை இது. மாரலுக்குத் தார்மீகம், கரப்ஷனுக்கு ஊழல், முடிந்தது கதை. தமிழில் இதற்கு என்ன பொருள் என்று யாரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தார்மீகப் பொறுப்பேற்று ஓர் அமைச்சர் பதவி விலகுவார்; ஊழல் செய்து இன்னோர் அமைச்சர் மாட்டிக்கொள்வார். இரண்டையும் ஒட்டவைத்தால் தர்மப்படி செய்த ஊழல் என்றுதான் காதில் விழும்.

சொல்லின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கரப்ஷன் லத்தீன் வழி வந்தது. ‘ரும்பெரே’ என்றால் உடைத்தல். முன்னொட்டுச் சேர்ந்து ‘கொர்ரும்பெரே’ ஆனபோது முற்றாகக் கெடுத்தல், பாழாக்குதல் என்று பொருள் விரிந்தது. லஞ்சம் கொடுத்து வளைப்பதும் லத்தீனிலேயே அதற்குள் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் பழைய காலத்தில் அழுகும் பிணமும் இந்தச் சொல்லில் அடங்கும், நச்சுப்பட்ட காற்றும் அடங்கும், படியெடுத்தவர் கைபட்டுப் பிழையான ஏட்டுப் பாடமும் அடங்கும். இன்று திறக்க மறுக்கும் கணினிக் கோப்பும் அதில் சேர்ந்துவிட்டது. (அதை ‘ஊழல் கோப்பு’ என்று பெயர்க்கும் இயந்திரத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். தார்மீக ஊழல் என்று எழுதும் மனிதரைப் பார்த்து ஏனோ சிரிப்பதில்லை.)

ஊழல் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. ஊழ்த்தல் என்றால் முதிர்தல், மலர்தல், அதையும் தாண்டிப் பதனழிதல். குறள் 650இல் வரும் ‘இணரூழ்த்தும் நாறா மலர்’ கொத்தாகப் பூத்தும் மணக்காத பூ. கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்லத் தெரியாதவருக்கு வள்ளுவர் கொடுத்த உவமை அது. மொழிபெயர்ப்பாளர் யாரையும் மனதில் வைத்து நான் இதை எடுக்கவில்லை. அந்தப் பதனழிதலிலிருந்து வந்ததுதான் ஊழல்.

தனித்தமிழ் அன்பர்கள் இங்கேதான் மடக்குவார்கள். ‘பார்த்தீர்களா, ஊழல் என்றாலே அழுகல்தான், கரப்ஷனும் அழுகல்தான், இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?’ என்பார்கள். வேரைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் வாசகர் வேரைப் படிப்பதில்லை, சொல்லைப் படிக்கிறார். ஊழல் என்றதும் இன்றைய தமிழர் மனதில் வருவது ஒப்பந்தம், கமிஷன், பொய்க்கணக்கு, சோதனைக்கு வந்த அதிகாரிகள். பொதுப்பணத்தோடும் பதவியோடும் அந்தச் சொல் இறுகிவிட்டது. பேரகராதியைத் திறந்து காட்டி அதைப் பழைய வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாது. தூய்மை, தெளிவு இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் தெளிவின் பக்கம்.

கெடுதல் வெறும் ஓசையோடு நிற்பதில்லை. ஊழல் என்று படித்த வாசகர் கதைக்குள் திருட்டுப் பணத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறார். காலனியக் காலப் புனைவில் உள்ள அழுகலோ, பெரும்பாலும், கணக்கு ஒழுங்காக இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

ஜோசப் கான்ராட் 1899இல் இதழில் தொடராக எழுதிய ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ குறுநாவலை எடுத்துக்கொள்வோம். கதை நடக்கும் ஆப்பிரிக்க ஆற்றுக்குப் பெயரில்லை. ஆனால் கான்ராட் 1890இல் ஒரு பெல்ஜிய வணிக நிறுவனத்துக்காகக் காங்கோ ஆற்றில் நீராவிப் படகில் போய்வந்தவர். கதைசொல்லி மார்லோ முதல் நிலையத்தில் கரையேறியதும் ஒரு மரத்தோப்பைப் பார்க்கிறார். வேலை வாங்கிச் சக்கையாக்கப்பட்ட கறுப்பின மனிதர்கள் நிழலில் ஒடுங்கிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து திரும்பினால் எதிரே தந்த வியாபாரம் செய்யும் கம்பெனியின் தலைமைக் கணக்கர் வருகிறார். கஞ்சி போட்ட உயரக் காலர், வெள்ளைக் கைப்பட்டை, பளபளக்கும் காலணி. அவருடைய பேரேடுகளில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. நோயில் விழுந்த ஒரு வெள்ளைக்கார முகவரை அவருடைய அறையில் கட்டில் போட்டுக் கிடத்துகிறார்கள். அந்த மனிதரின் முனகல் கவனத்தைச் சிதறடிக்கிறதாம், இந்தத் தட்பவெப்பத்தில் பதிவுப்பிழை வராமல் பார்ப்பது ஏற்கெனவே கடினமாம். கணக்கர் அலுத்துக்கொள்கிறார். வாசற்படிக்கு ஐம்பது அடி கீழே அந்தத் தோப்பு.

இந்தக் கணக்கர் ஒரு காசு எடுக்கவில்லை. இன்றைய தமிழில் அவரை ‘ஊழலற்ற அதிகாரி’ என்று பாராட்டவேண்டியிருக்கும். அவரை வைத்துக் கான்ராட் காட்டுவதைத்தான் நம்மவர்கள் தார்மீக ஊழல் என்கிறார்கள்.

கற்பனையை விட்டு வரலாற்றுக்குப் போனாலும் இதே கதைதான். 1885 முதல் 1908 வரை காங்கோ பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்த உடைமை. தந்தமும் ரப்பரும் கட்டாய உழைப்பில் வந்தன. அங்கிருந்த படையில் தோட்டாவுக்குக்கூடக் கணக்கு உண்டு. சுட்ட தோட்டா வீணாகவில்லை என்பதற்குச் சான்றாக, வெட்டிய வலக்கையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் 1904 அறிக்கையில் இதைப் பதிவு செய்தார். இதைவிட வியப்பு ஈ. டி. மோரல் கண்டுபிடித்த விதம். லிவர்பூல் கப்பல் நிறுவனத்தின் எழுத்தர் அவர். காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் குவிகின்றன, திரும்பிப் போகும் கப்பல்களிலோ பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும். பண்டத்துக்கு விலை போகவே இல்லையென்றால் அங்கே நடப்பது வியாபாரமல்ல, அடிமை வேலை என்று ஆவணங்களை வைத்தே முடிவுக்கு வந்தார். இதற்கு ‘ஊழல்’ என்று பெயர் வைத்தால் குற்றம் கையாடலாகச் சுருங்கிவிடும்.

ஊழல் என்ற சொல் சரியாகப் பொருந்தும் காலனியக் கதை இல்லாமல் இல்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் வேலை பார்த்தவர். 1934இல் வந்த அவருடைய ‘பர்மீஸ் டேஸ்’ நாவலில் ஊ போ கின் என்றொரு நீதிபதி. வழக்கில் இரண்டு தரப்பிடமும் லஞ்சம் வாங்கிக்கொண்டு, அப்புறம் சட்டப்படியே தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதனால் நடுநிலையாளர் என்ற நல்ல பெயர் வேறு. ஊழலென்றால் இது ஊழல், அச்சு அசலானது.

அதே நாவலில் மரவியாபாரி ஃப்ளோரி, இந்திய மருத்துவர் வீராசாமியிடம் மனம்விட்டுப் பேசும் ஓர் இடமுண்டு. கொள்ளையடிக்க வந்துவிட்டு இவர்களை முன்னேற்ற வந்ததாகச் சொல்லிக்கொள்கிறோமே, அந்தப் பொய் நம்மை என்னவோ செய்கிறது என்கிறார். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘கரப்ட்’ என்ற வினைச்சொல்தான். ‘அந்தப் பொய் நம்மை ஊழல்படுத்துகிறது’ என்று எழுதிப் பாருங்கள், பேனாவே கூசும். ‘அந்தப் பொய் நம்மைக் கெடுக்கிறது’ என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். ஊ போ கின்னுக்கு ஒரு சொல்லும் ஃப்ளோரிக்கு வேறொரு சொல்லும் தமிழில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடைபட்டிருப்பது தமிழில் தானாகப் பிரிகிறது. இது நமக்குக் கிடைத்த வசதி. இதைக் குறை என்று எண்ணி மீண்டும் ஒரே சொல்லில் அடைக்கப் பாடுபடுகிறோம்.

‘சரி, ஊழல் வேண்டாம், அறச்சிதைவு என்று வைத்துக்கொள்வோம்’ என்பவர்கள் இருக்கிறார்கள். சிற்றிதழ்க்காரர்களுக்கு இதன்மேல் ஒரு பிரியம். சிதைவு என்றால் எனக்குக் கோயிலும் சிலையும்தான் நினைவுக்கு வருகின்றன. வெயிலும் மழையும் படையெடுப்பும் வெளியிலிருந்து வந்து சிதைக்கும். முன்பு முழுமையாக இருந்தது என்ற எண்ணமும் அதோடு ஒட்டியே வரும். கான்ராடின் கதையில் காட்டுக்குள் தந்தம் திரட்டும் கம்பெனி முகவர் கர்ட்ஸ். அவர் அப்படி முழுமையாக இருந்தவரா? அவர் உள்ளே வெறும் பொள்ளல் என்றல்லவா மார்லோ சொல்கிறார்! காட்டுமிராண்டி வழக்கங்களை ஒழிக்கும் சங்கத்துக்காகப் பதினேழு பக்கம் உருக்கமாக எழுதிவிட்டு, அதன் அடியிலேயே அந்த மக்களைக் கொன்றொழிக்கச் சொல்லிக் கிறுக்கிவைத்த ஆள் அவர்.

ஒழுக்கக்கேடு என்று எழுதுகிறவர்களும் உண்டு. அகராதிப்படி தவறில்லை. ஆனால் பேச்சு வழக்கில் ஒழுக்கம் படுக்கையறைக்கும் மதுக்கடைக்கும் சுருங்கிவிட்டது. ‘ஒழுக்கக்கேடான ஆள்’ என்றால் யாரை நினைப்போம்? வேலிக் கம்புகளின் முனையில் மனிதத் தலைகளைச் செருகி வைத்த கர்ட்ஸை நினைக்கமாட்டோம்.

முறைகேடு என்பதைத்தான் எனக்கு மன்னிக்க முடியவில்லை. அந்தத் தலைகளைப் பற்றித் தெரிந்த பிறகும் கம்பெனி மேலாளரின் குறை என்ன தெரியுமா? கர்ட்ஸின் ‘முறை’ சரியில்லை, இதனால் வட்டாரம் கொஞ்சநாள் மூடிக்கிடக்கும், வியாபாரம் படுத்துவிடும், இவ்வளவுதான். முறைகேடு என்பது அந்த மேலாளரின் சொல். கதை எந்த ஆளைக் குத்திக்காட்டுகிறதோ அவருடைய வாயால் கதையை விமர்சிக்கலாமா?

திரிபு பற்றியும் சொல்லவேண்டும். ‘நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்’ என்று சிற்றினம் சேராமையில் வருகிறதே (452), அழகான சொல். பாலும் திரியும், சொல்லும் திரியும், மனிதரும் திரிவர். தயங்கித்தான் தள்ளிவைக்கிறேன். நிலத்தின் இயல்பால் நீர் திரிந்தது என்றால் பழி நிலத்தின்மேல் விழுகிறது. நல்ல வெள்ளைக்காரர், ஆப்பிரிக்கக் காடும் அங்குள்ள சேர்க்கையும் கெடுத்துவிட்டன என்பது காலனிக்காரர்களின் பழைய சாக்கு. நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபி 1975இல் ஆற்றிய உரையில் கான்ராடையே இதற்காகப் பிடித்தார்: ஓர் ஐரோப்பிய மனம் உடைவதைக் காட்ட ஒரு கண்டத்தையே மேடைத்திரையாக்கிவிட்டார் என்று. அச்சிபியை முழுக்க ஏற்காதவர்கூட, அந்தச் சாக்கை வழிமொழியும் சொல்லை மொழிபெயர்ப்பில் வைக்கத் தேவையில்லை.

‘மனித இருண்மை’ இந்தக் கூட்டத்தில் இன்னொன்று. இருண்மை என்ற சொல்லை நம் விமர்சகர்கள் எப்போதோ புரியாத கவிதைக்குக் கொடுத்துவிட்டார்கள். மனித இருண்மை என்றால் அந்த மனிதர் யாருக்கும் விளங்கவில்லை என்றாகிறது. இருள் என்றே எழுதலாம். ‘இருள்சேர் இருவினை’ என்ற குறளில் இருளுக்கு மயக்கம் என்று உரை சொன்னார் பரிமேலழகர். தாம் செய்வது இன்னதென்று தமக்கே மறைத்துக்கொண்ட கணக்கருக்கும் மேலாளருக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது.

ஆக, கேடு. பால் கெடும், காரியம் கெடும், பிள்ளை கெடும், ஊரே கெடும். அழுகலும் அறமும் பிரியாமல் ஒரே சொல்லில் இருக்கின்றன, கரப்ஷனின் பழைய பொருளைப் போலவே. ‘கெடுவல்யான் என்ப தறிகதன் நெஞ்சம் நடுவொரீஇ அல்ல செயின்’ என்று குறள் 116 நெஞ்சு நடுவு தவறுவதையும் கெடுதலையும் முடிச்சுப் போடுகிறது. தனியாகக் கேடு என்றால் தீங்கு என்ற பொருளும் வரும், உண்மைதான். ‘உடல்நலத்துக்குக் கேடு’ என்கிறோமே. குழப்பம் வரும் இடத்தில் நெறிகேடு என்று எழுதலாம். இது அகராதியில் எப்போதோ ஏறிய சொல், புதிதாகச் செய்யவேண்டியதில்லை. மாரல் கரப்ஷனுக்கு நெறிகேடு. தார்மீகம் தேவையே படாது.

பெயர்ச்சொல்லை விட வினை இன்னும் நல்லது. ‘கர்ட்ஸின் நெறிகேட்டுக்கு உள்ளான தன்மை’ என்று இழுக்காமல் ‘கர்ட்ஸ் கெட்டுப்போனார்’ என்று எழுதினால் என்ன குடிமுழுகிவிடும்? ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். தமிழில் கெட்டார் என்றால் தானே கெட்டது, கெடுத்தது என்றால் வேறொன்று கெடுத்தது. ஆங்கிலம் மழுப்பிவிட்டுப் போகும் இடத்தில் நாம் பக்கம் சேரவேண்டும். ஃப்ளோரி விஷயத்தில் சிக்கலில்லை, பொய் கெடுத்தது என்று அவரே சொல்கிறார். கர்ட்ஸைக் காடு கெடுத்ததா, கம்பெனி கெடுத்ததா, கெட்டேதான் வந்தாரா? மொத்த ஐரோப்பாவும் சேர்ந்து செய்த ஆள் அவர் என்கிறார் மார்லோ. நான் பெயர்த்தால் ‘கெட்டார்’ என்றே போடுவேன். காட்டின்மேல் பழிபோடுகிறவர்கள் ‘கெடுத்தது’ என்று எழுதிவிட்டு அதற்கான காரணத்தையும் முன்னுரையில் சொல்லட்டும், சண்டைக்கு நான் தயார்.